பழைய வேடரைக் கழுவி எடுப்பது எப்படி: கோபித் தம்பிக்கு ஒரு பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மீன் குட்டை போட்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குட்டையில் இறங்கி வலை இழுக்க, நெஞ்சு வரை வரும் வேடர் (wader, தண்ணீர் உள்ளே புகாத பேன்ட்) இரண்டு பழசாக வாங்கியிருக்கிறாராம். ஒன்று பச்சை நிறம், பிளாஸ்டிக் ஷீட் மாதிரி, காலில் பூட்ஸ் சேர்ந்தே இருக்கிறது. இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு. பார்க்க ரெயின்கோட் துணி மாதிரி இருக்கிறது, காலில் பூட்ஸ் கிடையாது, தடித்த சாக்ஸ்தான். இரண்டும் நாறுகின்றன. பச்சையின் உள்ளே கரும்புள்ளிகள். துணி மாதிரி இருப்பதில் தொடைச் சந்தில் தண்ணீர் இறங்குகிறது. "பிளீச்சிங் பவுடர்ல ஊறவெச்சு, ரெண்டு நாள் நல்ல வெய்யல்ல போட்டு எடுத்தா போதுங்களா?" என்று கேட்கிறார்.

போதாது தம்பி. ஊறவைப்பது துணியைக் கெடுக்கும், வெயில் இரண்டையுமே கெடுக்கும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். வேடர் என்றால் நமக்குக் கண்ணப்ப நாயனார்தான் ஞாபகத்துக்கு வருவார். ரப்பர் பேன்ட் என்று கடையில் கேட்டால் பொட்டலம் கட்டும் ரப்பர் வளையத்தை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. இங்கே வேடர் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்பும் கையில் இருப்பது என்ன சரக்கு என்று தெரிய வேண்டும். உங்கள் பச்சை வேடர் பிவிசி. தோட்டத்தில் ஓடும் மோட்டார் பைப்பும் அதுவும் ஒரே வகைப் பிளாஸ்டிக்தான். பைப் விறைப்பாக இருக்கிறது, பேன்ட் வளைகிறது. காரணம், பேன்ட்டில் அதை இளக்கிவைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். வெயிலும் சூடும் அந்த இளக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். இளக்கி போன பேன்ட் மறுபடி பைப் ஆகிவிடும், அவ்வளவுதான் கதை. துணி மாதிரி இருப்பது காற்றோட்ட வகை. இரண்டு துணிக்கு நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். வேர்வையின் ஆவியை வெளியே விடும், தண்ணீர்த் துளியை உள்ளே விடாது. அதன் சாக்ஸ் பகுதி நியோப்ரீன் என்கிற ஸ்பாஞ்சு ரப்பர். முழுக்க நியோப்ரீனிலேயே தைத்த வேடரும் உண்டு. அவலாஞ்சியில் டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த தண்ணீரில் நிற்பவனுக்கு அது சரி. கோபியில் பங்குனி மாதம் அதைப் போட்டால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான். பழைய காலத்து முழு ரப்பர் வேடரும் எப்போதாவது கண்ணில் படும். சைக்கிள் டியூப் வாசனை அடித்தால் அதுதான்.

அடுத்து, கழுவும் அளவுக்கு அது தகுதியானதா என்று பாருங்கள். முழங்கால், பூட்ஸ் சேரும் இடம், தொடைச் சந்து, இந்த மூன்றையும் மடித்துப் பாருங்கள். மடிப்பில் அப்பளம் மாதிரிக் கோடு கோடாக விரிந்தால் அந்தப் பிவிசி முடிந்தது. ஒட்ட ஒட்டப் பக்கத்திலேயே விரிசல் விட்டுக்கொண்டே போகும். துணி வகையைப் புரட்டிப் போட்டு உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினாலோ, பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, குமட்டுகிற புளிப்பு வாடை வந்தாலோ, உள்பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது. தையல் மேல் ஒட்டிய டேப் அங்கங்கே தூக்கிக்கொண்டிருப்பது மட்டும்தான் குறை என்றால் பயமில்லை, சரிசெய்துவிடலாம்.

ஒரு சொந்த எச்சரிக்கை. ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பழசாக வரும் வேடர் எல்லாம் மீன் பிடித்தவை அல்ல. சாயப்பட்டறைத் தொட்டி கழுவ, சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு அள்ள, சாக்கடை வேலைக்கு என்று போட்டவையும் கைமாறி வரும். பழைய சாமான் கடை ஒன்றில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கிவந்தேன். புரட்டிப் பார்த்தால் உள்துணி முழுக்க ஊதா. மூன்று முறை அலசியும் சாயம் வந்துகொண்டே இருந்தது. அதோடு என்னென்ன வந்ததோ, யாருக்குத் தெரியும். கால் தோலில் படுகிற பொருள், மீன் குட்டையில் இறங்குகிற பொருள், தூக்கிப் போட்டுவிட்டேன். உங்களுடையதில் உள்துணி நிறம் மாறியிருந்தாலோ, ரசாயன நெடி அடித்தாலோ, பேரம் பேசியது வீண் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கழுவுவது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். யார் எந்தத் தண்ணீரில் நின்றார்களோ தெரியாது. எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறும். காய்ந்த சேற்றை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெளிப்பக்கம் முதலில், பிறகு புரட்டி உள்பக்கம், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மைல்டான திரவ சோப்பு விட்டு ஸ்பாஞ்சால் துடையுங்கள். துணி துவைக்கும் கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். வாஷிங் மெஷினில் பச்சையைப் போடவே கூடாது. துணி வகையை மெஷினில் போடலாம் என்று அதன் உள்லேபிளே சொன்னால் ஒழிய அதையும் கையாலேயே கழுவுங்கள். சலவைக்குப் பின் வாசனைக்காக ஊற்றுவார்களே, அந்த மென்மையாக்கும் திரவம் காற்றோட்டத் துணிக்கு விஷம். சவ்வின் மேல் படிந்து அது சுவாசிப்பதை அடைத்துவிடும். வீட்டில் பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை ஊறவைப்பார்கள் என்றால் அந்தத் தண்ணீரை வடிகட்டிப் பச்சைக்குப் பயன்படுத்தலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடைசி அலசலை மட்டும் போர்த் தண்ணீரில் முடிக்காதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று குடத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு துணியிலும் தையலிலும் படியும். ஒரு அன்னக்கூடை குடிக்கிற தண்ணீர் போதும்.

நாற்றத்துக்கு வருவோம். நாற்றம் பிளாஸ்டிக்கில் இல்லை, உள்துணியில் ஊறிய வேர்வையிலும் அதில் வளரும் பாக்டீரியாவிலும் இருக்கிறது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து உட்பக்கம் முழுக்கத் துடைத்து, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். பூட்ஸ் பகுதியைப் புரட்ட முடியாது. அதில் இதே கலவையைக் கணுக்கால் வரை ஊற்றிவைத்துக் கவிழ்த்துவிடுங்கள். காய்ந்த பிறகும் வாடை இருந்தால் ஆப்ப சோடாவை ஒரு கைப்பிடி ஒவ்வொரு பூட்ஸிலும் தூவி ஒரு ராத்திரி விட்டுத் தட்டிவிடலாம். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு இரண்டும் வீண். கரும்புள்ளி பூஞ்சை. காற்றோட்டமான இடத்தில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேயுங்கள். வினிகர் பூஞ்சையைப் பெரும்பாலும் அடக்கிவிடும், கறை மட்டும் அப்படியே இருக்கும். கறை யாரையும் கடிக்காது, விட்டுவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் பற்றி. உங்களுக்கு மீன் குட்டை இருப்பதால் இந்தக் கேள்வி முக்கியம்தான், நாற்றத்துக்காக அல்ல, நோய்க்காக. இன்னொரு குட்டையின் ஈரத்தோடு வந்த வேடர், வலை, வாளி எல்லாமே கூடவே மீன் பேனையும், விரால் உடம்பில் சிவப்புப் புண் வரவைக்கும் பூஞ்சை மாதிரிக் கிருமியையும் கொண்டுவரலாம். பூட்ஸ் அடிச் சேற்றில் ஆகாயத்தாமரை விதை இருந்தால் அது பல வருடம் செத்துப்போகாமல் காத்திருக்கும். ஆகவே முதல் முறை குட்டையில் இறங்கும் முன் கிருமி நீக்கம் கட்டாயம். பச்சை வேடரின் வெளிப்பக்கத்துக்கும் பூட்ஸுக்கும் பிளீச்சிங் பவுடர் போடலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம், அதாவது தோராயமாக ஒரு டீஸ்பூன். கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, 10 நிமிடம் படவிட்டு, நன்றாக அலசுங்கள். பையைப் பிரித்துப் பல மாதம் ஆன பவுடரில் குளோரின் பாதி போயிருக்கும், புதுசாக வாங்குங்கள். ராத்திரி முழுக்க ஊறவைக்கும் பேச்சே வேண்டாம். தையல் நூலும் உள்துணியும் நைந்துவிடும். துணி வகைக்கும் நியோப்ரீனுக்கும் இது கூடவே கூடாது. அப்புறம் இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: வினிகர் போட்ட அன்றே பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை முடித்து அலசிக் காயவைத்து, இன்னொரு நாள் மற்றது.

துணி வகைக்குக் கிருமிநாசினி, முழுக்கக் காய்வதுதான். நியூசிலாந்தில் ஆறுகளில் டிடிமோ என்ற ஒரு பாசி 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மீன்பிடிப்பவர்களின் ஈரமான உடுப்பே அதை ஆறு விட்டு ஆறு கொண்டுபோகிறது என்று, அங்கே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் காய வேண்டும். கம்பளி மாதிரி ஃபெல்ட் வைத்த அடிப்பாகம் லேசில் காயாது என்பதால் 2008-இல் அதைத் தடையே செய்துவிட்டார்கள். உங்கள் வெளிநாட்டு வேடருக்குத் தனி பூட்ஸ் வாங்கும்போது அடியில் ஃபெல்ட் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நம் களிமண் குட்டைக்கு ரப்பர் அடியே நன்றாகப் பிடிக்கும்.

இப்போது காயவைப்பது. நம்மவர்களுக்கு எதுவானாலும் வெயிலில் போட்டால் சரியாகிவிடும். மஞ்சள், மிளகாய், வடகம், தலையணை, மெத்தை, நனைந்துபோன செல்போன் வரைக்கும். நானும் என் முதல் வேடரை ஒவ்வொரு தரமும் கழுவிக் களத்தில் விரித்துப் போட்டேன். ஒரே நாளில் ஒன்றும் தெரியாது, அதுதான் வினை. அந்தக் கோடை முழுக்க அப்படியே செய்து, ஆடி பிறப்பதற்குள் இரண்டு முழங்காலும் விரிந்துவிட்டது. பூட்ஸ் சேரும் இடத்தில் ஒட்டு தனியாகப் பெயர்ந்துவந்தது. அந்தச் சிமென்ட் களம் மதியம் வெறுங்காலை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூடெல்லாம் அடியிலிருந்து பேன்ட்டுக்குத்தானே ஏறியது.

நமக்குத் தேவை காற்று. அதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையையே சுற்றுகிறது, ஒரு பேன்ட்டைக் காயவைக்காதா? வேப்பமர நிழலிலோ, திண்ணையிலோ கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அது காய்ந்ததும் திரும்பப் புரட்டி வெளிப்பக்கம். இந்த வரிசை முக்கியம். வெளியே காய்ந்துவிட்டதைப் பார்த்து உள்ளே ஈரத்தோடு மடித்துவைப்பதுதான் பூஞ்சைக்குப் பிறப்பிடம். பச்சையைப் பூட்ஸ் மேலே இருக்கும்படி தலைகீழாகத் தொங்கவிட்டு, பூட்ஸுக்குள் தினத்தந்தி பழைய பேப்பரைச் சுருட்டித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேப்பரை மாற்றினால் ராத்திரிக்குள் ஈரம் இழுத்துவிடும். ஐப்பசி அடைமழையில் காற்று நின்றுவிட்டால் டேபிள் ஃபேன் போதும். ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிக்காதீர்கள், அடுப்படிப் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது காய்ந்த பிறகுதான். பச்சைக்குப் பஞ்சர் கடை வழியே நல்லது. மேல்பக்கத்தைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு மூலையில் புளோயரை வைத்துக் காற்றடைத்து, சோப்புத் தண்ணீரைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் கொப்புளம் கிளம்பும். வெடிக்கிற அளவுக்கு ஊத வேண்டாம், சும்மா உப்பினால் போதும். இல்லாவிட்டால் ராத்திரி இருட்டறையில் செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம், ஊசித் துளை நட்சத்திரம் மாதிரித் தெரியும். தண்ணீர் நிரப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. முழுக்க நிரப்பினால் அந்தப் பாரமே தையலைப் பிரித்துவிடும்.

துணி வகைக்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றித் தொடைச் சந்துப் பக்கம் தெளியுங்கள். துளை உள்ள இடம் மட்டும் ஒரு சில நொடியில் கறுத்த புள்ளியாகத் தெரியும்; சவ்வு நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகாது. தெரிந்ததும் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள், ஆவியானதும் புள்ளி மறைந்துவிடும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இருக்கக்கூடாது. உங்களுக்கு ஒழுகும் இடம் தொடைச் சந்து என்பதால் பெரும்பாலும் நாலு தையல் வந்து சேரும் இடத்தில்தான் புள்ளி தெரியும். நடக்கும்போது அதிகம் உரசுவதும் இழுபடுவதும் அந்த இடம்தான்.

ஒட்டுவதில்தான் நம் ஆட்கள் கெடுப்பார்கள். மோட்டார் ரூமில் பைப் ஒட்டும் பேஸ்ட் இருக்கும், அதுவும் பிவிசி இதுவும் பிவிசி என்று தடவிவிடுவார்கள். பைப் பேஸ்ட் காய்ந்தால் கல்லாகிவிடும். பேன்ட் மடங்கும்போது ஒட்டின் ஓரத்திலேயே புதுசாகக் கிழியும். ஃபெவிக்விக், எம்-சீல் எல்லாம் இதே ரகம். பிவிசிக்கு, வளைந்துகொடுக்கும் பிவிசி பசையும், அதே தடிமனில் ஒரு தார்ப்பாய்த் துண்டும் வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் மணல் தாளால் லேசாகத் தேய்த்து ஒட்டுங்கள். அதைவிடச் சுலபம், பயோஃபிளாக் மீன் வளர்ப்புத் தொட்டிக்குத் தார்ப்பாய் ஒட்டித் தருகிறவர்களிடம் கொடுப்பது. அவர்கள் சூடான காற்றுத் துப்பாக்கியால் இரண்டு நிமிடத்தில் உருக்கிச் சேர்த்துவிடுவார்கள், ஒட்டே தெரியாது. முழு ரப்பராக இருந்தால் பஞ்சர் கடை சொல்யூஷனும் ஒட்டுத்துண்டும் போதும். நியோப்ரீன் சாக்ஸில் கிழிசல் என்றால் செருப்பு தைப்பவர் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசை: இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். துணி வகைக்குப் பாலியூரித்தேன் பசை, சீம் சீலர் என்று ஆன்லைனில் கிடைக்கும். உள்பக்கத்தில், வட்டம் போட்ட இடத்துக்குச் சுற்றிலும் அரை அங்குலம் கூட வருகிற மாதிரி, மெல்லியதாக ஒரு பூச்சு. 24 மணி நேரம் தொடாதீர்கள். தடிமனாகப் பூசினால் அதிகம் தாங்கும் என்பது சரியல்ல. தடித்த பூச்சு உரிந்து வந்துவிடும்.

எடுத்து வைப்பது எங்கே? நம் தோட்டத்தில் எதையும் வைக்கும் இடம் மோட்டார் ரூம்தான். வேடருக்கு அது ஆகாது. மோட்டாரும் ஸ்டார்ட்டரும் தீப்பொறி விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஓசோன் உண்டாகும். அது ரப்பரை மெல்ல அரித்துப் பூட்ஸில் நுணுக்கமான விரிசல் விழவைக்கும். டீசல், கிரீஸ், பூச்சிமருந்து ஆவி எல்லாம் அதற்கு மேல். தகர ஷெட்டின் பரணும் வேண்டாம், மதியச் சூட்டுக்கு அது களத்துக்கு அண்ணன். வீட்டுக்குள் இருட்டான சுவரில் தொங்கவிடுவதே நல்லது. ஆணியில் நேராக மாட்டினால் அந்த ஓர் இடம் இழுபடும், பருத்த மூங்கில் கழி மேல் போடுங்கள். மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் விடாமல் அவ்வப்போது மாற்றி மடியுங்கள். ரப்பர் பூட்ஸ் உள்ளே பஞ்சர் கடையில் டியூப் மேல் தூவுகிற வெள்ளைப் பவுடரைக் கொஞ்சம் போட்டுவைத்தால் ஒட்டிக்கொள்ளாது. எலி மட்டும் ஜாக்கிரதை. மீன் வாடை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் தேடி வந்து கடித்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழசாக வரும் வேடரில் இடுப்புப் பெல்ட் பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். அது இல்லாமல் இறங்காதீர்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் உங்களைக் கீழே இழுக்காது, ஆனால் கரை ஏறும்போது அவ்வளவு பாரத்தையும் தூக்கிக்கொண்டு எழ முடியாது. பெல்ட் இறுக்கமாக இருந்தால் உள்ளே போகும் தண்ணீர் குறையும். குட்டையில் பரவாயில்லை என்று தோன்றலாம். இதே வேடரைப் போட்டுக்கொண்டு பவானி ஆற்றிலோ கீழ்பவானி வாய்க்காலிலோ இறங்கும் எண்ணம் இருந்தால், அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் எப்படி ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரே அமுக்கில் கழலும் பக்கிள் வைத்த நைலான் பெல்ட் வாங்குங்கள். தோள்பட்டை எலாஸ்டிக் தொய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். திருப்பூர் இருக்கிற ஊரில் எலாஸ்டிக்குக்கா பஞ்சம், எந்தத் தையல் கடையிலும் அரை மணி நேர வேலை.